இரவல் காந்தமும் சொந்தக் காந்தமும்

போன சித்திரையில் எங்கள் கூடத்து ஃபேன் நின்றுபோயிற்று. கண்டென்சர்தான் போயிருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்தேன். கையால் சுற்றிவிட்டால்கூட இரண்டு சுற்று வந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. கழற்றிக் கோணிப்பையில் போட்டுத் தெருமுனைக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூடியைத் திறந்ததும் உள்ளே பார்க்கவில்லை, மோந்தார். "வார்னிஷ் கருகிடுச்சு சார். காயில் மாத்தணும்" என்றார்.

மேசையில் இன்னொரு ஃபேன் பிரித்துக் கிடந்தது. பி.எல்.டி.சி. ரகம், அதாவது பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்தது; யாரோ ரிப்பேருக்குக் கொடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என்னுடையதில் நடுவே செம்புக் காயில். அதைச் சுற்றி, இறக்கைகளைத் தாங்கும் வெளி வளையத்தில் இரும்புத் தகடுகளும் அவற்றினூடே வார்த்த அலுமினியமும். மற்றதிலும் நடுவே காயில்தான். ஆனால் வளையத்தின் உட்புறம் ஓடு பதித்ததுபோலக் கறுப்புப் பட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஸ்க்ரூ டிரைவரைக் கிட்டே கொண்டுபோனார், டக்கென்று இழுத்துக்கொண்டது. அதையே பிடுங்கி என் ஃபேனின் வளையத்தில் வைத்தார், நழுவி விழுந்தது.

"உங்களதுல காந்தமே கிடையாது சார். கரண்ட் வந்தாத்தான் காந்தம். இதுல எப்பவும் காந்தம்."

இந்த வித்தியாசத்தின் மதிப்பு சுமார் 45 வாட். பழைய ரக ஃபேன் முழு வேகத்தில் ஓட 75 வாட் அளவுக்கு எடுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் ஏறக்குறைய அதே காற்றை 30 வாட்டுக்குப் பக்கத்தில் தருகிறது. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு விடுகதை இருக்கிறது. அதே காற்றுக்கு 30 வாட் போதும் என்றால், இறக்கைகளுக்கு வேண்டியது 30 வாட்டுக்கும் குறைவு. அப்படியானால் என் பழைய ஃபேன் இத்தனை வருஷமாக வாங்கிய 75இல் பாதிக்கு மேல் எங்கே போனது? கோடை மத்தியானத்தில் ஓடி நின்ற ஃபேனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். நம்மைக் குளிர்விக்க வைத்த யந்திரம், கூரைக்குக் கீழே ஒரு சின்ன அடுப்பாகவும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

சொந்தமாகக் காந்தமே இல்லாத வளையம் எப்படிச் சுற்றுகிறது? இரவல் வாங்கித்தான். இந்த இரவலை முதலில் பார்த்தவர் பிரான்சுவா அராகோ. 1824இல் பாரிசில் ஒரு செம்புத் தட்டைச் சுழலவிட்டு அதன்மேல் காந்த ஊசியைத் தொங்கவிட்டார். செம்பு காந்தத்தில் ஒட்டாது என்று குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் தட்டு சுற்றச் சுற்ற ஊசியும் கூடவே இழுபட்டது. காரணம் விளங்க ஏழு ஆண்டு பிடித்தது. 1831இல் மைக்கேல் ஃபாரடே சொன்னார்: உலோகத்தைக் கடக்கும் காந்தப் புலம் மாறிக்கொண்டிருந்தால், உலோகத்துக்குள் மின்னோட்டம் கிளம்பும். மின்னோட்டம் இருக்கும் இடத்தில் காந்தமும் இருக்கும். செம்புக்குள் பிறந்த அந்தத் தற்காலிகக் காந்தம்தான் ஊசியை இழுத்தது.

1888இல் நிகோலா டெஸ்லா காப்புரிமை பெற்ற மோட்டார், இன்றைக்கு நம் வீட்டுக் கிணற்று மோட்டார், மிக்சி தவிர்த்த அநேக மோட்டார்கள், பழைய ஃபேன் எல்லாமே இந்தச் சூத்திரத்தில் ஓடுபவை. காயில் ஒரு சுழலும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. வளையம் அதைத் துரத்துகிறது. ஆனால் ஒருபோதும் எட்டிப் பிடித்துவிடக் கூடாது. பிடித்துவிட்டால் வளையத்தைப் பொறுத்தவரை புலம் மாறாமல் நிற்கிறது. மாறாத புலம் மின்னோட்டத்தைக் கிளப்பாது. இரவல் காந்தம் போய்விடும். ஆகவே பின்தங்கியபடியேதான் ஓட வேண்டும். பின்தங்கும் அளவுக்கான ஆற்றல் வளையத்துக்குள்ளேயே சூடாகிவிடுகிறது. பெரிய ஆலை மோட்டாரில் இது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு. நம் ஃபேனில் அதைப்போலப் பல மடங்கு. இரவலுக்கு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடனுக்குத்தான் எப்போதும் வட்டி அதிகம்.

பி.எல்.டி.சி. ஃபேனில் வளையத்துக்குச் சொந்தக் காந்தம் இருக்கிறது. இரவலும் இல்லை, பின்தங்கலும் இல்லை. அதற்குப் பதில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் போர்டு வேண்டும். காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்கு அடுத்த காயிலுக்கு மின்சாரம் கொடுக்கும். காந்தம் அங்கே வந்ததும் அதற்கும் அடுத்தது. ஆட்டுக்கு முன்னால் அகத்திக்கீரையைக் காட்டிக்கொண்டே நடப்பதுபோல.

வேகத்தைக் குறைக்கும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. விசிறிக்கு ஒரு விசித்திர குணம்: வேகம் பாதியானால் இறக்கைக்கு வேண்டிய ஆற்றல் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். பி.எல்.டி.சி. அந்தக் குறைவை அப்படியே நமக்குக் கொடுக்கிறது. பழைய சதுரப்பெட்டி ரெகுலேட்டரோ மிச்ச மின்சாரத்தைத் தன் வயிற்றுக்குள் எரித்துத்தான் வேகத்தைக் குறைத்தது. மழைக்கால ராத்திரியில் ஒன்றில் வைத்துவிட்டுச் சிக்கனம் செய்தோம் என்று நினைத்துத் தூங்கினோம்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு ஃபேன் தினம் 16 மணி நேரம் ஓடுகிறது. 45 வாட் மிச்சம் என்றால் நாளைக்கு 0.72 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 43 யூனிட். மூன்று ஃபேன் இருந்தால் 130. தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இலவசமாக்கிய 100 யூனிட்டை விட அதிகம். கட்டண விகிதம் மாறும் 500 யூனிட் விளிம்பில் தொங்கும் வீடுகளுக்கு இது என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உலகில் செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை மோட்டார்கள்தாம் விழுங்குகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒட்டிய அந்தக் கறுப்புப் பட்டை சாமானியமில்லை.

கடைக்காரருக்கு மட்டும் இதில் ஒப்புதல் இல்லை. "இதுல காயில் போகாது சார், போர்டுதான் போகும். போர்டு போனா நான் என்ன பண்றது? கம்பெனிக்குத்தான் அனுப்பணும்" என்றார். என் ஃபேனுக்கு வயது 22; ஒரு முறை பேரிங் மாற்றியதோடு சரி. போர்டு ஐந்தாம் வருஷம் போய், மாற்று போர்டு கிடைக்காமல் ஃபேனையே தூக்கிப்போட்டால் மிச்சம் பிடித்த மின்சாரத்தில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. மின்சிக்கனத்துக்கான நட்சத்திர முத்திரை வாட்டைத்தான் அளக்கிறது. தெருமுனையில் பழுது பார்க்க முடியுமா என்பதை அளப்பதில்லை. அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

இங்கே ஒரு சந்தேகம் வரும். நிரந்தரக் காந்தம் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிறதே, அந்த ஆற்றலை எடுத்து ஃபேனை ஓட்டிவிட்டால் என்ன? கரண்டே வேண்டாமே? இதைச் சொல்லித்தான் இணையத்தில் காந்தங்களை வட்டமாக அடுக்கி "இலவச மின்சாரம்" என்று வீடியோ போடுகிறார்கள். எங்கள் மச்சான் ஒரு பொருட்காட்சியில் பைக்கின் பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் வாங்கி வந்தார். மைலேஜ் ஏறும் என்று சொல்லி விற்றார்களாம். ஒரு மாதம் ஓட்டிவிட்டுக் கழற்றிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் கரண்ட் பில்லைச் செருக வைத்துக்கொண்டார். அதற்கு அது நன்றாகவே உதவுகிறது.

காந்தம் ஆற்றல் கொடுப்பதில்லை. வரும்போது இழுக்கும் காந்தம், போகும்போதும் அதே அளவு பிடித்து இழுக்கும். ஒரு சுற்று முடிந்தால் வரவும் செலவும் நேர். கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ராட்டினம் ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தானாக இறைக்காது; இறைப்பது நம் கைதான். ஆனால் ராட்டினம் இல்லாமல் கயிற்றைக் கிணற்று விளிம்பில் தேய்த்து இழுத்தால் பாதி வலு கல்லுக்குப் போகும். சொந்தக் காந்தம் அந்த ராட்டினம். புதிதாக ஒன்றையும் தராது, தேய்மானத்தைத் தடுக்கும்.

ரயிலில் மோட்டாரின் எதிர்த்திசை வேலையும் நடக்கிறது. மோட்டாரை மின்சாரம் சுற்றினால் ரயில் ஓடும். ஓடும் ரயில் மோட்டாரைச் சுற்றினால் மின்சாரம் வரும். பிரேக் போடும்போது சக்கரத்தைத் தேய்த்துச் சூடாக்குவதற்குப் பதில் மோட்டாரை ஜெனரேட்டராக்கி, கிடைத்த மின்சாரத்தை மேல்கம்பிக்கே திருப்பி அனுப்பலாம். அது பக்கத்தில் கிளம்பும் வண்டிக்கு ஆகும். டெல்லி மெட்ரோ இதற்காக 2007இல் ஐ.நா.வின் கார்பன் திட்டத்தில் பதிவு பெற்றது. ஒரு திருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். அங்கே ஓடுபவை இரவல் காந்த மோட்டார்கள்தாம். பெரிய மோட்டாரில் வட்டி குறைவு என்று முன்பே பார்த்தோம்.

தெருவுக்கு வருவோம். கடை வாசலில் இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ராத்திரி சந்தடி அடங்கியபின் அதன் ரீங்காரம் கேட்கும். அது மின்சாரத்தின் சத்தமில்லை, இரும்பின் சத்தம். உள்ளே இருக்கும் இரும்பு காந்தமாகும்போது மயிரிழையளவு நீளம் மாறும். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முழுச் சுற்று வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரும்பு ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் காந்தமாகிறது. ஆக நொடிக்கு 100 அதிர்வு. ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் உள்ளேயிருக்கும் நுண்காந்தங்கள் பழைய திசையை விட மனமில்லாமல் முரண்டுபிடிக்கும். அந்த முரண்டு சூடாகிறது. இந்தச் செலவுக்கு ஓய்வே கிடையாது. தெருவில் ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும், விடியற்காலை மூன்று மணியிலும், டிரான்ஸ்ஃபார்மர் தன் இரும்பைப் புரட்டிக்கொண்டே இருக்கும்.

ஃபேனில் ஒட்டிய காந்தம் எதையும் மறக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் இரும்போ உடனுக்குடன் மறக்க வேண்டும். ஒரே துறையில் இரண்டு நேரெதிர் வேலை. மறக்கச் சொல்லிக்கொடுக்க நூறாண்டுக்கு மேலாகப் பாடுபட்டிருக்கிறார்கள். முதலில் இரும்பில் சிலிக்கன் கலந்தார்கள். பிறகு 1930களில் நார்மன் காஸ் என்ற அமெரிக்கர் உருளையில் நசுக்கும் விதத்தால் இரும்பின் படிகங்களை எல்லாம் ஒரே திசை பார்க்க வைத்தார். அடுத்த யோசனை தலைகீழானது: படிகமே வேண்டாம். உருகிய உலோகக் கலவையை வேகமாகச் சுழலும் குளிர்ந்த சக்கரத்தின்மேல் பீய்ச்சினால், நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்ந்து, அணுக்கள் வரிசை கட்டுவதற்குள் உறைந்துபோகும். கண்ணாடியைப்போல ஒழுங்கற்ற உலோகம். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. முரண்டுபிடிக்கப் படிக விளிம்புகள் இல்லாததால் இது சட்டென்று திசை மாறும். இந்த நாடாவைச் சுற்றிச் செய்த டிரான்ஸ்ஃபார்மரில் சும்மா இருக்கும்போது ஆகும் விரயம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. விலை கூடுதல், நாடா நொறுங்கும், பெட்டியும் பெரிது. ஆனாலும் 24 மணி நேரமும் நிற்காத ஒரு கசிவை அடைக்க வேறு எதையும் இவ்வளவு மலிவாகச் செய்துவிட முடியாது என்று நினைக்கிறேன்.

காயலான் கடையிலும் காந்தத்துக்கு வேலை உண்டு. இரும்பைத் தூக்குவது பழங்கதை. அலுமினியத்தைப் பிரிப்பதுதான் வேடிக்கை. வேகமாகச் சுழலும் காந்த உருளையின்மேல் குப்பை ஓடிவரும்போது, அலுமினிய டப்பா மட்டும் தவளைபோல எகிறித் தள்ளிப்போய் விழும். பிளாஸ்டிக்கும் காகிதமும் இருந்த இடத்திலேயே கொட்டும். அராகோவின் செம்புத் தட்டு செய்த வேலையேதான் இது. ஃபேனில் நம் காசைத் தின்ற, உலோகத்துக்குள் கிளம்பும் அதே மின்னோட்டம் இங்கே கூலியில்லாமல் பொறுக்குகிறது. பழைய அலுமினியத்தை உருக்கினால், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு போதும்.

காந்தத்தால் குளிர்விக்கும் பெட்டியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடோலினியம் என்ற உலோகத்தைக் காந்தப் புலத்துக்குள் நுழைத்தால் சூடாகும், வெளியே எடுத்தால் குளிரும். கம்ப்ரசரும் வேண்டாம், வாயுவும் வேண்டாம். 1976இலேயே நாசாவில் ஜெரால்ட் பிரவுன் அறை வெப்பத்தில் செய்து காட்டிவிட்டார். ஆனால் வலுவான காந்தத்துக்கும் சில டிகிரிதான் மாறுகிறது. திரும்பத் திரும்பச் செய்துதான் குளிரைச் சேர்க்க முடியும். அரை நூற்றாண்டாக "அடுத்த ஐந்து வருஷத்தில்" வந்துகொண்டிருக்கிறது. வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனை வேலைக்கும் காந்தம் எங்கிருந்து வருகிறது? ஃபேனில் ஒட்டும் கறுப்புப் பட்டை பெரும்பாலும் ஃபெரைட். துருப்பிடித்த இரும்புக்குச் சொந்தக்காரன்; ஸ்ட்ரான்ஷியமோ பேரியமோ சேர்த்துச் சட்டிபோலச் சுட்டு எடுப்பது. ஏழையின் காந்தம், யாருக்கும் கெடுதல் இல்லாதது. ஆனால் மின்சாரக் காருக்கும் கடலில் நிற்கும் காற்றாலைக்கும் அது போதாது. அந்த வலுவுக்கு ஃபெரைட் வைத்தால் எடை தாங்காது. அங்கே வேண்டியது நியோடிமியம்.

அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான மசாட்டோ சகாவா முதலில் ஃபுஜிட்சுவில் வேலை பார்த்தார். அப்போது பலமான காந்தம் என்றால் சமேரியமும் கோபால்ட்டும் சேர்ந்தது. இரண்டும் விலை அதிகம். மலிவான இரும்பை ஏன் பயன்படுத்த முடியவில்லை என்று அவர் யோசித்தார். இரும்பு அணுக்கள் நெருக்கியடித்து நிற்பதால்தான் என்றால், நடுவே ஒரு சின்ன அணுவைச் செருகி விலக்கிவிட்டால்? போரானைச் செருகினார். நிறுவனம் ஆர்வம் காட்டாததால் வேலையை விட்டு சுமிட்டோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸுக்குப் போய் அங்கே முடித்துக் காட்டினார். 1983இல் அவரும், ஜெனரல் மோட்டார்ஸில் தனியாக அதே கலவையை எட்டிய ஜான் குரோட்டும் அறிவித்தார்கள். வெறும் நியோடிமியம் காந்தம் சூடு தாங்காது. அதற்கு டிஸ்ப்ரோசியம் கொஞ்சம் சேர்க்க வேண்டும். பற்சக்கரப் பெட்டி இல்லாமல் நேராகச் சுழலும் காற்றாலை ஒன்றுக்கு, ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 600 கிலோ இந்தக் காந்தம் ஆகும்.

நியோடிமியம், டிஸ்ப்ரோசியம் போன்ற அருமண் உலோகங்கள் பெயர் சொல்லும் அளவுக்கு அரியவை இல்லை. ஆனால் தனியாக அகப்படுவதில்லை. பதினேழு பங்காளிகளில் பெரும்பாலோர் ஒரே ஜாடையில் ஒரே கல்லில் குடியிருப்பார்கள். ஒவ்வொருவராகப் பிரிக்க அமிலத்திலும் கரைப்பானிலும் நூற்றுக்கணக்கான கட்டங்கள். கழிவு ஏராளம். உள் மங்கோலியாவின் பாவ்தோ நகருக்கு வெளியே ஏரிபோலத் தேங்கிக் கிடக்கும் கழிவுநீர்தான் நம் சுத்தமான மோட்டார்களின் மறுபக்கம். 2025 ஏப்ரலில் சீனா டிஸ்ப்ரோசியம், கடோலினியம் உள்ளிட்ட ஏழு உலோகங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. உலகமெங்கும் கார்க் கம்பெனிகள் ஒரு கைப்பிடிக் காந்தத்துக்காகத் தவித்தன.

நமக்கு இந்தக் கதை தூரத்துக் கதையில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் கறுப்பு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், அருமண் உலோகங்கள் அடங்கிய மோனசைட் தாதுவைக் கண்டார் என்று சொல்வார்கள். சீக்கிரமே இங்கே ஆலை வந்தது. அப்போது தேவைப்பட்டது மோனசைட்டில் இருக்கும் தோரியம், காஸ் விளக்கின் மாண்டிலுக்காக. கல்யாண ஊர்வலங்களில் தலையில் சுமந்த பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கும் இந்த மணலுக்கும் உறவு உண்டு. நியோடிமியத்தை அன்று யாரும் சீந்தவில்லை.

தோரியம் கதிர்வீச்சு உள்ளது. மோனசைட்டில் அது நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு இருக்கும். ஆகவே நியோடிமியம் வேண்டுமானால் தோரியத்தையும் தூக்கிச் சுமக்க வேண்டும். கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்க்கின்றன. அதே மாவட்டத்தின் இன்னொரு மூலையில், முப்பந்தலில், காற்றாலைகள் சுற்றுகின்றன. சுத்தமான மின்சாரம் வேண்டுமா என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. யாருடைய கரையை வெட்டி என்பதுதான் கேள்வி. பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் கிடக்கும் காந்தத்தை ஹைட்ரஜன் வாயுவில் வைத்தால் தானாகப் பொடியாக உதிரும், அந்தப் பொடியை மறுபடி காந்தமாக்கலாம் என்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் செய்து காட்டியிருக்கிறார்கள். நாம் இன்னும் ஹார்ட் டிஸ்க்கைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறோம்.

ஒரு முறை செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மணவாளக்குறிச்சிக் கரைக்குப் போயிருந்தேன். ஒரு பிடி மணலை அள்ளிக் காகிதத்தில் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்தினேன். கறுப்பு இல்மனைட் மயிர்க்கூச்செறிந்ததுபோல எழுந்து நின்று கூடவே வந்தது. சிவப்பு கார்னெட் சிலவும் தயங்கித் தயங்கி நகர்ந்தன. வெள்ளை மணல் அசையவில்லை. அதற்குள் தேன் நிறத்தில் உருண்டையாகச் சில மணிகள். மோனசைட்டாக இருக்கலாம். அவையும் என் காந்தத்தைச் சட்டை செய்யவில்லை. ஆலையில் அவற்றைப் பிரிக்க இதைவிடப் பலமான காந்தம் வைத்திருக்கிறார்கள். என் கையில் இருந்த காந்தத்தின் தாய் அப்படி ஒரு மணியில் இருந்திருக்கலாம். காகிதத்தை உதறி மணலை அங்கேயே கொட்டினேன். காந்தத்தில் ஒட்டிய கறுப்புப் பொடி மட்டும், வீட்டுக்கு வந்து எத்தனை தடவை துடைத்தும் போகவில்லை.